அம்மா தைத்த தலையணை உறையைக் கைப்பையாக மாற்றலாமா?

வெள்ளைநூல்:
வணக்கம். அம்மா கைவேலை செய்த தலையணை உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளை லாங் கிளாத். ஒரு பக்கம் சிவப்பு ரோஜாக்கொத்து, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் "குட் நைட்". கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் எடுத்துக் காட்டுவார்களாம். தலையணைக்குப் போட்டு எண்ணெய்க் கறை ஆக்க மனம் வரவில்லை. பீரோவிலேயே கிடந்தால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும். கைப்பையாகத் தைத்து வைத்துக்கொண்டால் கண்ணெதிரே இருக்கும் என்று தோன்றுகிறது.

வீட்டில் கால் மிதி மெஷின் இருக்கிறது. ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். பை தைத்துப் பழக்கமில்லை.

உறையின் அளவு: அகலம் 26 அங்குலம், உயரம் 17 அங்குலம். ரோஜாக்கொத்து 6 அங்குல உயரம், 5½ அங்குல அகலம். அதற்குக் கீழே 1½ அங்குலம் வெற்றிடம். அப்புறம் எழுத்து, அதுவும் 1½ அங்குல உயரம். எழுத்துக்குக் கீழே 3 அங்குலம் துணி மிச்சம்.

என் கேள்விகள்: "குட் நைட்" என்று எழுதிய பையை மாட்டிக்கொண்டு பகலில் வெளியே போக முடியாது. அந்த எழுத்தை மட்டும் பிரித்துவிடலாமா? துணி மெல்லியது, எதை வைத்து விறைப்பாக்குவது? பூவை எந்த இடத்தில் வைத்து வெட்டுவது?

கோடைமேகம்:
கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்! இப்படிப்பட்ட உறைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். வெட்டிவிட்டால் வெட்டியதுதான். ஆசைக்குப் பை வேண்டுமென்றால் அதே ரோஜாவைப் புதுத் துணியில் நகல் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

டெய்லர்மகன்:
சட்டம் போட்டு மாட்டினால் வெயில் பட்டுச் சிவப்பு நூல் வெளுத்துப்போகும். பையே மேல்.

முறை சுலபம். எழுத்தைப் பிரித்துவிடுங்கள். துணியை நான்காக மடித்து நடுப்புள்ளி எடுங்கள். பூவின் நடு அங்கே வரும்படி 16க்கு 14½ அங்குலத்தில் ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு அதே அளவில் இன்னொரு துண்டு. இரண்டுக்கும் பின்னால் பசைக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டால் அட்டைபோல் நிற்கும். சட்டைக் காலருக்கு வைக்கிறோமே, அதே சரக்கு. பிறகு மூன்று பக்கம் தைத்து, பைக்கு அகலமான அடி வரும்படி அடி மூலைகளைத் தட்டித் தைத்து, லைனிங் போட்டால் முடிந்தது.

ஊசிமுனை:
டெய்லர்மகன் சொன்னதில் மூன்று இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது சட்டைக்குச் சரி.

முதலில் எழுத்து. பிரிக்கக் கூடாது. இத்தனை வருடம் நூலுக்கு அடியில் இருந்த துணி ஒரு நிறமாகவும் வெளியே இருந்தது பழுப்பேறியும் இருக்கும். பிரித்தால் எழுத்து போகாது, எழுத்தின் நிழல் நிற்கும். ஊசி போன துளையும் பழைய லாங் கிளாத்தில் மூடிக்கொள்ளாது. இன்னொன்று, அந்தக் காலத்தில் பூப் படத்தைத் துணியில் இறக்கியது மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தால். நூலுக்கு அடியில் அந்தக் கோடு இன்னும் இருந்தால், பிரித்ததும் அது பல்லைக் காட்டும்.

இரண்டாவது, நடுப்புள்ளி. துண்டின் நடு வேறு, பையின் முகத்தின் நடு வேறு. அடி மூலையைத் தட்டித் தைக்கிற பையில் துண்டின் கீழ்ப்பகுதி பைக்கு அடியில் மடிந்து போய்விடுகிறது. அவர் சொன்ன 14½ அங்குல உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு அரை அங்குலம், மூலையில் 2 அங்குலச் சதுரம். ஆகக் கீழே 2½ அங்குலம் கண்ணுக்குத் தெரியாது. மேலே அரை அங்குலம் மடிப்பில் போகும். தெரிகிற உயரம் 11½ அங்குலம். அதன் நடு, வெட்டிய துண்டின் கீழ் விளிம்பிலிருந்து 8¼ அங்குலத்தில் இருக்கிறது. நான்காக மடித்தால் கிடைக்கும் நடு 7¼. சரியாக ஓர் அங்குலம் பூ கீழே இறங்கிவிடும். கடையில் விற்கும் பல கைவேலைப் பைகளில் பூ வயிற்றுக்குக் கீழே தொங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வெள்ளைநூலுக்கு இதே கணக்கு வரமாக அமைந்திருக்கிறது. கீழே 2½ அங்குலம் அடியில் போகிறதல்லவா? "குட் நைட்"டை அங்கே அனுப்பிவிடுங்கள்.

எழுத்துக்குக் கீழே ¾ அங்குலம் விட்டு வெட்டுங்கள். எழுத்து ¾ முதல் 2¼ வரை. மறைகிற பகுதி 2½ வரை. எழுத்து முழுவதும் பைக்கு அடியில் போய்விட்டது. இடைவெளி கழித்து ரோஜா 3¾-இல் தொடங்கி 9¾-இல் முடியும். துண்டின் உயரத்தை 14½ வைக்காமல் 11½ அங்குலமாக வையுங்கள். மேல் மடிப்பு அரை அங்குலம் போக, முகம் 2½ முதல் 11 வரை. ரோஜாவுக்குக் கீழே 1¼ அங்குலம், மேலே 1¼ அங்குலம். இதைவிடப் பொருத்தமாக அம்மா அளந்து தைத்திருக்க முடியாது.

அகலம் 16 அங்குலமே இருக்கட்டும். தைத்து முடித்தால் பையின் முகம் 11 அங்குல அகலம், 8½ அங்குல உயரம், அடி 4 அங்குல ஆழம். சாயங்காலம் கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகிற அளவு. காய்கறிக்கு வேறு பை பாருங்கள்.

மூன்றாவது பசைக் கேன்வாஸ். அதைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. அடுப்பில் பால் இருக்கிறது, இரவு வருகிறேன்.

வெள்ளைநூல்:
ஊசிமுனை அக்கா, தாளில் வரைந்து பார்த்தேன். எழுத்து அப்படியே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பையை மேசையில் வைத்தால் "குட் நைட்" கவிழ்ந்து படுத்திருக்கும்!

ஒரு பயம். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில இடங்களில் மெலிந்திருக்கிறது. பைக்குள் தண்ணீர் பாட்டில், பணப்பை, கைப்பேசி என்று போட்டால் தாங்குமா?

ஊசிமுனை:
தாங்காது. தாங்க வைக்கவும் கூடாது. கைவேலைப் பை தைக்கிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: பூ வேலை செய்த துணி பாரம் சுமக்கக் கூடாது. பாரத்தை உள்ளே இருக்கும் பை சுமக்க வேண்டும். வெளித்துணி அதன்மேல் சும்மா நிற்க வேண்டும்.

வழக்கமாக என்ன செய்கிறார்கள்? வெளித்துணியின் மேல் விளிம்பில் கைப்பிடியை வைத்து இரண்டு தையல் போட்டுவிடுகிறார்கள். மொத்தப் பாரமும் அந்த இரண்டு அங்குலத்தில் தொங்குகிறது. புதுத் துணியே கொஞ்ச நாளில் அங்கே வாய் பிளக்கும். பழைய லாங் கிளாத் முதல் வாரத்திலேயே கிழியும்.

உள்பைக்குக் கெட்டியான காடாத் துணி வாங்குங்கள். வாங்கியதும் ஓர் இரவு ஊறப்போட்டுக் காயவைத்துவிடுங்கள். காடா சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் வெளித்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதில் 16க்கு 22 அங்குலத்தில் ஒரே துண்டு வெட்டுங்கள். அடியில் தையலே வரக் கூடாது. இரண்டு 11½ அங்குலத் துண்டை அடியில் அரை அங்குலத் தையல் விட்டு இணைத்தால் எவ்வளவு உயரம் வருமோ அதுதான் 22.

1 அங்குல அகலப் பருத்தி நாடா இரண்டேகால் மீட்டர். இதை ஒரே வளையமாக உள்பையின் வெளிப்பக்கத்தில், அதாவது பிறகு மறையப்போகிற பக்கத்தில், தைக்க வேண்டும். முன்பக்கம் இறங்கி, அடியைக் கடந்து, பின்பக்கம் ஏறி, கைப்பிடியாக வளைந்து, மறுபடி பின்பக்கம் இறங்கி, அடியைக் கடந்து, முன்பக்கம் ஏறி, அடுத்த கைப்பிடியாகி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். நாடாவின் இரண்டு முனையும் அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடிக்கு 20 அங்குலம் கணக்கு வைத்திருக்கிறேன். பாட்டிலின் எடை நாடாவில் இறங்கும், நாடா உங்கள் கையில் தொங்கும். ரோஜாவுக்கு இதில் வேலையே இல்லை.

நாடாவின் இரண்டு ஓரத்திலும் தையல் ஓடட்டும். ஆனால் மேல் விளிம்புக்கு 1 அங்குலம் முன்பே நிறுத்திவிடுங்கள்; அங்கே துணியை மடிக்க வேண்டியிருக்கும்.

நாடா தைத்த பிறகு பக்கவாட்டுத் தையல். வெளிப்பைக்கு அரை அங்குலம் என்றால் உள்பைக்கு அரையும் அரைக்காலும் எடுங்கள், உள்ளே தொளதொளவென்று இருக்காது. பிறகு அடி மூலையை முக்கோணமாகத் தட்டி, குறுக்கே 4 அங்குலம் வருகிற இடத்தில் தையல். இதற்குச் சதுரம் வெட்டத் தேவையில்லை.

இப்போது பசைக் கேன்வாஸ். பசை ஒருமுறை பிடித்தால் பிரிக்க முடியாது. பழைய துணியில் எங்காவது நுரைத்துக்கொண்டால் அது முகத்திலேயே கொப்புளமாகத் தெரியும், அதற்குப் பரிகாரம் கிடையாது. அதற்குப் பதில் அதே காடாவில் வெளித்துண்டு அளவுக்கு இரண்டு வெட்டி, பூத்துணிக்கு அடியில் வைத்து, ஓரம் முழுவதும் பெரிய ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் ஒரே துணியாக நடத்துங்கள். அட்டைபோல் நிற்காதுதான். அட்டைபோல் எதற்கு நிற்க வேண்டும்? துணிப்பை துணியாக இருக்கட்டும்.

டெய்லர்மகன்:
எழுத்தை அடியில் அனுப்பிய கணக்குக்கு என் வணக்கம். அப்பாவிடம் காட்டினேன். "இந்தம்மா எங்கே கட்டிங் படித்தது?" என்று கேட்டார்.

பசைக் கேன்வாஸ் விஷயத்தில் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய துணிக்கு வேண்டாம், சரி. புதுத் துணியில் புதிதாகப் பூ வேலை செய்கிறவர்களுக்கு அதுபோல் வசதி வேறில்லை. பூ வேலை முடிந்த பிறகு ஒட்ட வேண்டும், முன்னால் ஒட்டினால் கை ஊசி ஒவ்வொரு குத்துக்கும் பசையில் சிக்கும். ஒட்டிவிட்டால் பின்பக்க நூல் முனைகள் அசையாமல் நின்றுவிடும். பையில் சாவி போட்டு எடுக்கும்போது நூல் இழுபடாது. ஆனால் ஜரிகை நூலும் கண்ணாடி வேலையும் இருந்தால் இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுபோகாதீர்கள். இப்போது வருகிற ஜரிகையில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான், சூட்டில் சுருண்டுகொள்ளும்.

பூ வேலைக்கு இஸ்திரி போடுவதே ஒரு கணக்கு. கெட்டியான துண்டை நான்காக மடித்து விரித்து, பூ முகத்தைக் கீழே கவிழ்த்து, பின்பக்கமாகப் போட வேண்டும். பூ துண்டுக்குள் அமிழ்ந்து, புடைப்பு அப்படியே நிற்கும். நேராகப் போட்டால் ரோஜா தட்டையாகி அச்சடித்த பூப்போல் ஆகிவிடும்.

மெஷினுக்கு 16-ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், ஆனால் காடாவும் நாடாவும் தைக்கும்வரை மட்டும். பழைய லாங் கிளாத் மெஷினுக்குள் வரும்போது 14-க்கு மாற்றிவிடுங்கள். முனை மழுங்கிய ஊசியாக இருந்தால் இழையை அறுத்துக்கொண்டே போகும், புது ஊசியே போடுங்கள். தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நெருக்கமான தையல் பழைய துணியில் அஞ்சல் தலை ஓரத்தில் துளை போட்டதுபோலத்தான், இழுத்தால் வரிசையாகக் கிழியும்.

நல்லூர்க்காரி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மம்மாவும் இதே மாதிரி உறை தைத்து வைத்திருந்தார், அதில் கிளி. வெட்டுவதற்கு முன் சாயத்தைப் பாருங்கள் தங்கச்சி. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ரோஜாவின் பின்பக்கம் ஓர் ஓரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். இளஞ்சிவப்பாக ஒட்டினால் தண்ணீர் காட்டவே கூடாது. இங்கே உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், அதையும் செய்து பார்க்கலாம்.

ஊசிமுனை:
ஈரத் துணிச் சோதனை அருமை, கட்டாயம் செய்ய வேண்டியது. உப்பை மட்டும் விட்டுவிடுங்கள். சாயப் பாத்திரத்தில் நூல் கிடக்கும்போது சாயம் அதில் ஏற உப்பு உதவும். சாயம் தோய்த்து, விற்று, தைத்து முடிந்த நூலுக்கு உப்பு காவல் நிற்காது. சாயம் போகிறது என்று தெரிந்தால் பூவுக்கு மேல் தண்ணீர் படாமல், கறை உள்ள இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதே வழி. சிவப்பு ஒருமுறை வெள்ளையில் பரவிவிட்டால் நாம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நீலமலை:
குன்னூரிலிருந்து ஒரு இடைச்செருகல். ஊட்டியில் தோடர் பூ வேலைத் துணி வாங்கிப் பை தைக்க நினைப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் அவர்களுக்காக.

தோடர் பெண்கள் துணியில் படம் வரைவதில்லை, துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் மாட்டுவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் கோக்கிறார்கள். அவர்களுடைய போர்வையான பூத்துக்குளியில் வருகிற வேலை இது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பின்பக்கம் என்று நினைக்கிற, நூல் சற்றுத் தடித்து எழுந்து நிற்கிற பக்கம்தான் அவர்களுக்கு முகம். வாங்கி வந்து தலைகீழாகத் தைத்த பைகளைப் பார்த்திருக்கிறேன்.

பை தைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எண்ணிக் கோத்த வேலையில் நூல் துணியின் இழைக்கு இணையாக நீளமாக ஓடுகிறது. பூப்பட்டையின் குறுக்கே கத்தரித்தால் வெட்டு வாயிலிருந்து நூல் உருவிக்கொண்டு வரும். வெட்டப்போகும் கோட்டுக்கு இரு பக்கமும் மெஷினில் இரண்டு வரிசை தைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். கூடுமானவரை பட்டையை வெட்டாமல், வெற்றுத் துணிப் பகுதியிலேயே தையல் வரும்படி அளவு போடுவது உத்தமம்.

அப்புறம், அந்தக் கோலத்தை மெஷினில் அச்சடித்த துணியைத் தோடர் வேலை என்று விற்கிறார்கள். திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் நூலே இல்லையென்றால் விலையைக் கேட்காமல் நடையைக் கட்டுங்கள்.

கோடைமேகம்:
நான் இன்னும் வெட்டக் கூடாது கட்சிதான். ஆனால் இங்கே கேட்டதை வைத்து நானே புதுத் துணியில் ஒன்று தைக்கத் தொடங்கிவிட்டேன். பழைய பூவை நகல் எடுப்பது இப்படி: பூவின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். தாளைத் தலையணைமேல் வைத்துக் கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்தினேன். குத்திய தாளைப் புதுத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் நீலத்தைக் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. மஞ்சள் கார்பன் தாளே போதும் என்று கடைக்காரர் கொடுத்தார். அடர் நிறத் துணிக்கு அது நன்றாகத் தெரிகிறது. வெள்ளைத் துணிக்குத் தண்ணீர் தொட்டால் மறைகிற பேனா.

ஒரு சந்தேகம். ஆறு இழை நூலில் எத்தனை இழை எடுக்க வேண்டும்? பைக்கு என்பதால் ஆறையும் சேர்த்துக் கோத்தால் உறுதியாக இருக்காதா?

ஊசிமுனை:
உறுதி நூலின் தடிமனில் இல்லை. ஆறு இழையில் தைத்தால் தையல் புடைத்து நிற்கும், பையை இடுப்போடு உரசிக்கொண்டு நடக்கையில் அந்தப் புடைப்புதான் முதலில் பிசிறும். இதழுக்கு இரண்டு இழை, காம்புக்கு மூன்று. நீளமான சாட்டின் தையலைப் பைக்குத் தவிர்த்துவிடுங்கள். வளையலில் மாட்டும், வண்டிச் சாவியில் மாட்டும். இதழ் பெரிதாக இருந்தால் குட்டையும் நெட்டையுமாகப் போட்டு நிரப்புங்கள், அல்லது சங்கிலித் தையலை வரிசை வரிசையாக நெருக்கிப் போடுங்கள். சங்கிலி உழைக்கும். நூலை முடிச்சுப் போட்டு விடாமல் பின்பக்கத் தையலுக்குள் நுழைத்து முடியுங்கள். முடிச்சு இருந்தால் இஸ்திரி போடும்போது முகத்தில் குருபோல் தெரியும்.

முக்கியமானது: துணியை வெட்டிவிட்டுப் பூ வேலை செய்யாதீர்கள். பெரிய துணியில் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, அதன்பிறகு அளந்து வெட்டுங்கள். தையல் ஏற ஏறத் துணி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வெள்ளைநூல்:
பை தைத்தாயிற்று. யாருக்காவது பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சாயச் சோதனையில் சிவப்பு ஒட்டவில்லை, அதனால் உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். பழுப்பு பாதி போய்விட்டது. முன்பக்கத் துண்டை எழுத்துக்குக் கீழே ¾ அங்குலம் விட்டு வெட்டினேன். பின்பக்கத்துக்கு உறையின் வெற்றுப் பக்கமே போதுமானதாக இருந்தது. காடாவை அடியில் வைத்து ஓட்டுத் தையல் போட்டபின் துணி கையில் பிடிக்கவே தைரியமாக இருந்தது.

உள்பையையும் வெளிப்பையையும் தனித்தனியாகத் தைத்து, இரண்டின் மேல் விளிம்பையும் அரை அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினேன். கைப்பிடி நாடா இரண்டு பைக்கும் நடுவிலிருந்து மேலே வருகிறது. சுற்றிலும் விளிம்பில் இரண்டு வரிசைத் தையல். அந்த இடத்தில் மட்டும் மெஷின் திணறியது, சக்கரத்தைக் கையால் சுற்றியே கடந்தேன். அடியில் விறைப்புக்குப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை 10½க்கு 3½ அங்குலத்தில் வெட்டி, மூலைகளை உருட்டி, ஒரு சின்ன உறை தைத்து உள்ளே போட்டிருக்கிறேன். கழற்றி வைத்துவிட்டுத் துவைக்கலாம்.

அம்மாவிடம் காட்டினேன். முதலில் பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு, "டி எழுத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது" என்றார். அதைச் சரிசெய்து தரும்வரை பை அவரிடம்தான் இருக்கிறது.

கோடைமேகம்:
சரி, தோற்றேன். படம் போடுங்கள்.

புதுஊசி:
நானும் இதே அளவில் தைக்கப்போகிறேன், கலம்காரித் துணியில் காந்தா ஓட்டுத் தையல் போட்டு. வாய் திறந்திருந்தால் பஸ்ஸில் பயமாக இருக்கிறது. இந்த முறையில் ஜிப் எங்கே வைப்பது?

ஊசிமுனை:
வெளித்துணியில் ஜிப் தைக்காதீர்கள், திறந்து மூடும் இழுப்பு முழுவதும் பூ வேலையில் விழும். ஜிப்புக்கு இரு பக்கமும் 2 அங்குல அகலக் காடாப் பட்டை தைத்து, அந்தப் பட்டையை உள்பையின் வாயிலிருந்து 1 அங்குலம் கீழே வைத்துத் தையுங்கள். உள்பை தட்டையாக இருக்கும்போதே, பக்கவாட்டுத் தையலுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். மீட்டர் கணக்கில் விற்கும் 5-ஆம் நம்பர் ஜிப் வாங்குங்கள், ரன்னர் தனியாகத் தருவார்கள். 3-ஆம் நம்பர் பாவாடைக்கும் தலையணைக்கும் சரி, பைக்குச் சீக்கிரம் பல் விலகும். முகத்தின் அகலத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, முனையைத் துணித்துண்டால் மூடித் தைத்துவிடுங்கள்.

காந்தா போட்ட துணி நன்றாகவே சுருங்கும். கலம்காரியை முதலில் அலசிவிட்டுத்தானே தைக்கிறீர்கள்?

புதுஊசி:
இல்லை அக்கா. இப்போதே ஊறப்போடுகிறேன்.

நல்லூர்க்காரி:
தனியாக ஊறப்போடுங்கள் பிள்ளை. வெள்ளைச் சட்டைகளோடு போட்டுவிடாதீர்கள்.